இலேசாக இருந்தால் போதுமா?

2014 ஜனவரியில் கான்பூரில் இருக்கும் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற ரிவால்வரை வெளியிட்டது. டைட்டானியக் கலவையில் செய்தது, .32 தோட்டா, எடை அரைக் கிலோ, விலை 1.22 லட்சம் ரூபாய். 2012 தில்லிக் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு பெண்களுக்கென்றே செய்ததாம்; கைப்பையில் அடங்குமாம். நகைப்பெட்டி போன்ற பெட்டியில் வைத்து வேறு கொடுத்தார்கள். அந்த விலையை யார் கொடுப்பார்கள் என்று அப்போதே பலர் கேட்டுவிட்டார்கள். எடை குறைந்தால் பெண்ணுக்கு ஏற்றது என்று யார் சொன்னது என்பதே என் கேள்வி.

கைத்துப்பாக்கியைப் பலர் தினமும் இடுப்பில் சுமக்கும் அமெரிக்காவிலும் இலேசானதே நல்லது என்ற நம்பிக்கைதான் வியாபாரத்தை நடத்துகிறது. கனமானதை வீட்டிலேயே விட்டுவிடுவார்கள், இலேசானது கூடவே வரும் என்பது விற்பவர்களின் வாதம். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியைச் சுடுகிறவரின் கை அனுபவிக்கிறது. ஒரே தோட்டாவைச் சுடும்போது துப்பாக்கியின் எடை பாதியானால், அது பின்னோக்கி உதைக்கும் ஆற்றல் இரண்டு மடங்காகும். நிர்பீக்கின் .32 சாதுவான தோட்டா என்பதால் பிழைத்தது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 340பிடி என்ற ரிவால்வரைப் பாருங்கள்: சுமார் 330 கிராம்தான், சுடுவதோ .357 மேக்னம் என்ற முரட்டுத் தோட்டா. உதைக்கிற வேகத்தில், இன்னும் சுடாத தோட்டாக்களின் குண்டுகள் கூட்டைவிட்டு முன்னே நழுவி, உருளை சுழலாமல் சிக்கிக்கொள்ளும். இதைத்தான் 'சுமக்கச் சௌகரியம்' என்கிறார்கள்!

சௌகரியத்தைத் தராசில் தேடுவதே தவறு. பட்டையான பெல்ட்டும் நல்ல உறையும் இருந்தால் எடை இடுப்பில் பரவிவிடும். சட்டைக்கு வெளியே முட்டிக் காட்டிக்கொடுப்பதும் குழல் அல்ல. அது கால்சட்டைக்குள் இறங்கிவிடுகிறது. முட்டுவது பிடி. அதனால் பிடியை வெட்டிச் சிறிதாக்குகிறார்கள். சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்குகிறது. உதைப்பைத் தாங்க ரப்பர் பிடி போட்டாலோ, அது சட்டைத் துணியைக் கவ்விச் சுருட்டுகிறது. வழவழப்பான மரப்பிடியில் துணி வழுக்கிப் போகும், ஆனால் வியர்த்த கையும் வழுக்கும். பிடியின் முதுகையும் ரப்பர் மூடினால் விசைக்கு விரல் எட்டும் தூரம் கூடிவிடும். ஒன்றைப் பெற ஒன்றை விட வேண்டிய இந்தக் கணக்கை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

எடையைவிடக் கைக்குப் பொருந்துவதே முக்கியம் என்பது அமெரிக்க ராணுவத்துக்கு நூறாண்டுக்கு முன்பே தெரியும். அவர்களுடைய '1911' என்ற பிஸ்டலின் எடை ஒரு கிலோவுக்கு மேல். முதல் உலகப் போர் அனுபவத்துக்குப் பிறகு, 1920களில், அதைத் திருத்தினார்கள். எடையில் கை வைக்கவில்லை. விசையைக் குட்டையாக்கினார்கள், அதன் பின்னே சட்டகத்தைச் சற்றுச் செதுக்கினார்கள், பிடியின் முதுகை வளைத்தார்கள். முதல் இரண்டும் குட்டை விரல்களுக்கும் எட்ட வேண்டும் என்பதற்காக.

உரிமம் பெற்று வாங்கப் போகிறவர்கள், ஆணானாலும் பெண்ணானாலும், எத்தனை கிராம் என்று முதலில் கேட்காதீர்கள். தோட்டா இல்லையென்று கண்ணால் பார்த்துவிட்டு, பாதுகாப்பான பக்கம் நீட்டிப் பிடியுங்கள். குழலும் முன்கையும் ஒரே கோட்டில் இருக்கும்போதே ஆள்காட்டி விரலின் நுனிச்சதை விசைமேல் உட்கார வேண்டும். மணிக்கட்டைத் திருப்பினால்தான் எட்டுகிறதென்றால், உதைப்பு முழுவதும் கட்டைவிரல் மூட்டில் இறங்கும். அந்தத் துப்பாக்கி எவ்வளவு இலேசாக இருந்தாலும் வேண்டாம்.