மாதம் 350 வெள்ளிதானே? பந்திங் வீடுகளில் சன்னல் மாற்றும் கணக்கு

தீபாவளிக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதே பந்திங் வட்டாரத் தாமான்களில் சுத்தியல் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். பழைய நாக்கோ கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு அலுமினியச் சட்டம் போட்ட இழுவைச் சன்னல் வைக்கிறார்கள். கூடவே புதிய கிரில், ஒழுகும் கூரைக்கு மாற்று, சமையலறைத் தரைக்கு ஓடு.

எல்லாம் பகட்டுக்குச் செய்வது என்று தள்ளிவிட முடியாது. மோரிப் பக்கத்துக் கடற்காற்றில் இரும்புக் கிரில் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஜொஹான் செத்தியாவிலோ கோல லங்காட்டிலோ சதுப்பு நிலம் தீப்பற்றினால், நாக்கோ இடுக்கு வழியாகப் புகை நேரே படுக்கையறைக்குள் வந்துவிடும். ஆஸ்துமா பிள்ளை இருக்கும் வீட்டில் இறுக மூடும் சன்னல் ஒரு தேவை. ஆகவே மாற்றலாமா என்பதைவிட எந்தப் பணத்தில் மாற்றுவது என்பதுதான் பெரிய கேள்வி. அதற்குப் பதில் தேடும்போதுதான் பல குடும்பங்கள் சறுக்குகின்றன.

ஒரு நடுத்தர வீட்டுக்கு மொத்த வேலையும் 15,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். தனிநபர் கடன் முகவர் "எட்டு விழுக்காடுதான், ஐந்து ஆண்டு, மாதம் 350 வெள்ளி" என்பார். இந்த எட்டு விழுக்காடு முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கும் ஐந்து ஆண்டுக்கும் போடப்படுவது. நான்காம் ஆண்டில் பாதிக்கு மேல் கட்டி முடித்திருந்தாலும் வட்டி 15,000-க்கே ஓடும். மொத்தம் 21,000 வெள்ளி கட்ட வேண்டும். குறைந்துவரும் பாக்கிக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி 14 விழுக்காட்டைத் தாண்டுகிறது. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அந்தச் சம்பளக்காரருக்கு 350 வெள்ளி என்பது ஐந்தில் ஒரு பங்கு, அதுவும் அறுபது மாதத்துக்கு.

வீட்டுக் கடன் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. அதே வங்கியில் கடனைக் கூட்டி வாங்கலாம். பேங்க் நெகாரா 2025 ஜூலையில் அடிப்படை வட்டி விகிதத்தை 2.75 விழுக்காட்டுக்குக் குறைத்தது. நான்கு விழுக்காட்டில் 15,000 வெள்ளி கிடைத்தால், 20 ஆண்டுக்கு மாதம் 91 வெள்ளிதான். கேட்க இனிக்கிறது. ஆனால் 20 ஆண்டில் கட்டும் மொத்தத் தொகை ஏறக்குறைய 21,800 வெள்ளி. வட்டி விகிதம் குறைவு, ஆனாலும் தனிநபர் கடனைவிடக் கூடுதலாகப் பணம் போகிறது. சன்னல் சட்டம் அதுவரை தாங்குமா என்பதே சந்தேகம்.

இதே கடனில், தனிநபர் கடனுக்குக் கட்டத் தயாராக இருந்த அந்த 350 வெள்ளியை மாதா மாதம் கட்டினால் கதையே வேறு. நான்கு ஆண்டுக்குள் கடன் முடிந்துவிடும். வட்டி சுமார் 1,200 வெள்ளி. கூடுதலாகக் கட்டும் பணம் அசலில் கழிகிறதா என்று வங்கியிடம் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வழக்கறிஞர் கட்டணம், முத்திரை வரி, வீட்டு மதிப்பீட்டுச் செலவு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிறிய தொகைக்கு இவையே லாபத்தை விழுங்கிவிடும். தவணை தவறினால் ஏலத்துக்குப் போவது வீடு என்பதையும் மறந்துவிடக் கூடாது.

தோட்டத்திலிருந்து வந்து மலிவு விலை வீடு வாங்கிய பலருக்கு இந்த வழி அடைபட்டே கிடக்கிறது. வீடு இறந்துபோன அப்பாவின் பெயரிலேயே இருக்கும். அண்ணன் தம்பி சேர்ந்து நில அலுவலகத்துக்குப் போய்ப் பெயர் மாற்றாத வரை எந்த வங்கியும் அந்த வீட்டின் மேல் கடன் தராது. கண்ணாடிக் கடைக்குப் போகும் முன் இந்த வேலையை முடிப்பது நல்லது.

ஊழியர் சேமநிதியைப் பற்றித்தான் அதிகம் பேச்சு. வீடு வாங்க, கட்ட, வீட்டுக் கடனைக் குறைக்கப் பணம் எடுக்கலாம். இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கவோ புதுப்பிக்கவோ அந்தத் திட்டத்தில் இடமில்லை. 2024 மே மாதம் வந்த மூன்றாவது கணக்கான 'ஃபிளெக்சிபல்' கணக்கிலிருந்து எந்தக் காரணத்துக்கும் எடுக்கலாம் என்பது உண்மை. ஆனால் அதில் சேருவது சந்தாவில் பத்து விழுக்காடு மட்டுமே. 1,700 வெள்ளி சம்பளத்துக்குத் தொழிலாளியும் முதலாளியும் கட்டும் சந்தா 408 வெள்ளி; அதில் மாதம் 41 வெள்ளிதான் இந்தக் கணக்குக்குப் போகும். ஆண்டுக்கு 490 வெள்ளி. பெரிய வேலைக்கு அது காணாது. ஒரே ஒரு சன்னலுக்கு உதவலாம், அவ்வளவுதான். சேமநிதி 2024-க்கு அறிவித்த லாப ஈவு 6.30 விழுக்காடு. அதை இழந்து எடுக்கும் பணம் அது என்பதும் கணக்கில் வர வேண்டும்.

அடுத்தது பெண்களின் கழுத்தில் இருப்பது. அடகுக் கடைக்காரர்கள் சட்டப்படி மாதம் இரண்டு விழுக்காடு வட்டி வாங்கலாம். 15,000 வெள்ளிக்கு நகை வைத்தால் மாதம் 300 வெள்ளி, அதுவும் வட்டி மட்டும். முன்பு சொன்ன 350 வெள்ளியில் அசலும் கரைந்தது; இங்கே அசல் அப்படியே நிற்கும். சம்பளம் வரும்வரை ஒரு மாத நெருக்கடிக்கு அடகு வைப்பது ஒரு விதம். கூரை மாற்ற அடகு வைத்தால் சீட்டை ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டே போய், கடைசியில் தாலிக்கொடி திரும்பாமல் போகும்.

கூட்டுப் பணம் போடும் பழக்கம் தோட்டத்தோடு நம்மோடு வந்தது. வட்டியில்லை, தெரிந்த முகங்கள், முதல் எடுப்பு கிடைத்தால் சன்னல் வேலை முடிந்துவிடும். ஆனால் கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. கூட்டுத் தலைவி ஒரு நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டால் பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. நாணயமாக நடத்தியவர்கள் நிறைய பேர் உண்டு என்பதும் உண்மைதான். ஆபத்து தெரிந்தே சேர வேண்டும்.

விளக்குக் கம்பத்தில் தொலைபேசி எண் ஒட்டும் ஆலோங்குகளைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. உரிமம் பெற்ற வட்டிக்கடைக்குச் சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பு, ஈடு இருந்தால் ஆண்டுக்கு 12, ஈடு இல்லாவிட்டால் 18 விழுக்காடு. இதற்கு மேல் கேட்பவரிடமும், அடையாள அட்டையையோ ஏடிஎம் அட்டையையோ பிடித்து வைக்கக் கேட்பவரிடமும் உட்கார்ந்து பேசவே தேவையில்லை.

இன்னும் தோட்டக் குடியிருப்பில் இருப்பவர்கள் கைக்காசு போடும் முன் ஒரு கணம் நிற்க வேண்டும். 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புச் சட்டப்படி, நிர்வாகம் கொடுக்கும் வீட்டை நல்ல நிலையில் வைத்திருப்பது முதலாளியின் கடமை. உடைந்த சன்னலுக்கு முதலில் நிர்வாகத்துக்கு எழுத்தில் புகார் போக வேண்டும். பலனில்லையென்றால் தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம். ஓய்வு பெற்றதும் காலி செய்யப்போகும் வீட்டுக்குக் கடன் வாங்கி அலுமினியம் போடுவது நிர்வாகத்துக்குக் கொடுக்கும் நன்கொடை.

மற்றவர்களுக்கு, கடனே இல்லாத வழி மெதுவானது. இந்த ஆண்டு பிள்ளைகளின் அறை, அடுத்த ஆண்டு முன்கூடம். ஒரே தரத்தில் எல்லாச் சன்னலும் இல்லாமல் வீடு கொஞ்சம் ஒட்டுப்போட்ட மாதிரித் தெரியும். மாதம் 350 வெள்ளி கட்டத் தயாராக இருக்கும் குடும்பம், அதையே சேர்த்தால் ஓராண்டில் 4,200 வெள்ளி கையில் இருக்கும். ரொக்கம் வைத்திருப்பவரிடம் குத்தகையாளரும் விலையைக் கொஞ்சம் இறக்குவார்.

எந்தப் பணமாக இருந்தாலும் அதை ஒரேயடியாகக் கொடுத்துவிடக் கூடாது. அளவு, கண்ணாடித் தடிப்பு, முடிக்கும் தேதி ஆகியவை எழுதிய காகிதம் வேண்டும். முன்பணம் சிறியதாகவும், மிச்சம் வேலை நடக்க நடக்கவும் இருக்க வேண்டும். முன்பணத்தோடு ஆள் காணாமல் போனால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை வழக்குப் போடலாம். கட்டணம் ஐந்து வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். அங்கே முதலில் கேட்பது ரசீதைத்தான்.