எவ்வளவு உயரம் எழும்பலாம்?

புனே நகரில் வாழும் நம் பிள்ளைகளில் கூடைப்பந்தில் நாட்டங்கொண்டோர் பலர். இவ்வூரைச் சேர்ந்த ஷிரீன் லிமாயே இந்திய மகளிர் அணித் தலைவியாய் விளங்கியதை அவர்கள் அறிவர். 'பயிற்சியால் எவ்வளவு உயரம் எழும்பலாம்?' என்பதே அவர்கள் வினா.

வளையம் தரையினின்று 3.05 மீட்டர் உயரத்தில் உள்ளது. நெட்டையர்க்கே உரிய ஆட்டமென்று மனஞ்சோர வேண்டா. சில வாரங்களில் ஓரடி கூட்டித் தருவோம் என்பாரை நம்பவும் வேண்டா. துள்ளற் பயிற்சியால் எழும்பும் உயரம் சராசரியாக 5 முதல் 9 விழுக்காடு வரை கூடுமென 2007இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பொன்று கண்டது. 40 சென்டிமீட்டர் எழும்புவோர்க்கு அது 2 முதல் 3½ சென்டிமீட்டர். அற்பமன்று, வளையத்தில் பட்டு மீளும் பந்தை எட்ட அதுவே பல வேளை போதும்.

முழங்கால் மடக்கி உடனே எழும்புகையில், தசைநார் வில்நாண்போல் இழுபட்டு விசையைத் திருப்பித் தருகின்றது. நாள்தோறும் ஓயாது குதித்தாலோ அத்தசைநாரே நலியும். வாரம் இரண்டு மூன்று நாள் பயிற்சியும், இடையே ஓய்வும், முழங்கால் மடித்து மெல்லத் தரையிறங்கும் பழக்கமும் போதுமென்பது நம் கருத்து.

பெற்றோர் சுவரில் கோடிட்டு மாதந்தோறும் அளந்து பார்ப்பாராக. ஒப்பிட வேண்டுவது அப்பிள்ளையின் பழைய கோட்டோடுதான். அண்டைவீட்டுப் பிள்ளையின் கோட்டோடு அன்று.