இளங்கலைக் கடனும் முதுகலை ஊதியமும்

அமெரிக்காவில் தொடர்புக் கோளாறுகள் துறையில், அதாவது பேச்சு, மொழி, செவித்திறன் குறைபாடுகளை ஆராயும் படிப்பில், இளங்கலைப் பட்டம் மட்டும் பெற்றவர் பேச்சு-மொழிச் சிகிச்சையாளராகச் சான்றிதழ் பெற இயலாது. அதற்கு முதுகலைப் பட்டமும், அதன்பின் மேற்பார்வையில் ஏறத்தாழ 9 மாதப் பயிற்சிப் பணியும் வேண்டும். அச்சிகிச்சையாளர்களின் 2023ஆம் ஆண்டு இடைநிலை ஊதியம், அதாவது பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் பெறும் தொகை, 89,290 டாலர் என அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளியியல் துறை கணித்தாலும், அது இரு பட்டங்களுக்கும் செலவிட்டோரின் ஊதியமே. ஆகவே, இளங்கலை முடித்தோரின் தொடக்க வருமானத்தைக் கடனோடு மட்டும் ஒப்பிட்டு அப்படிப்பை வீணென்பதும், சிகிச்சையாளரின் ஊதியத்தைக் காட்டி மாணவரை ஈர்ப்பதும் ஒரே பிழையின் இரு வடிவங்கள். முழுப் பாதையின் செலவையும் முதுகலை இடங்களுக்கான போட்டியையும் சேர்க்கையின்போதே தெரிவிப்பது கல்லூரிகளின் கடமை.