எலும்பு கிடைத்தால் எடுத்து வராதீர்கள்

“சார், எனக்கு ஒரு டைனோசர் எலும்பு கிடைத்தால் வீட்டுக்குக் கொண்டு போகலாமா?” என்று படிவம் இரண்டு மாணவர் ஒருவர் கேட்டார். வகுப்பே சிரித்தது. எனக்கு அது நல்ல கேள்வியாகத்தான் பட்டது. கூடாது என்பதே என் பதில். ஏன் என்று தெரிய, அமெரிக்காவில் நடந்த ஒன்றைக் கேளுங்கள்.

நியூ ஜெர்சி மாநிலத்தில் ஹாடன்ஃபீல்டு என்றோர் ஊர். அங்கே 1838 வாக்கில் ஜான் ஹாப்கின்ஸ் என்பவர் தம் நிலத்தில் உரமண் தோண்டியபோது பெரிய பெரிய எலும்புகள் வந்தன. ‘டைனோசர்’ என்ற சொல்லே அப்போது இல்லை. அது 1842இல்தான் பிறந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் அவற்றை வியந்து பார்த்தார்கள், ஆளுக்கொன்றாக வாங்கியும் போனார்கள். போனவற்றில் பெரும்பாலானவை முதுகெலும்புத் துண்டுகள்.

இருபது ஆண்டுகள் கழித்து, 1858இல், வில்லியம் ஃபோல்க் என்ற வழக்கறிஞரின் காதில் இந்தச் செய்தி விழுந்தது. கொடுத்த எலும்புகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் ஆட்களை வைத்து அதே இடத்தை மீண்டும் தோண்டினார். கிடைத்தவற்றை ஜோசப் லைடி என்ற அறிவியலாளர் ஆராய்ந்து ‘ஹாட்ரோசாரஸ்’ எனப் பெயரிட்டார். முன்கால் எலும்புகள் பின்கால்களைவிட மிகச் சிறியவை. எனவே இந்த விலங்கு பின்கால்களில் நிமிர்ந்து நின்றிருக்கும் என்றார். 1868இல் பிலடெல்ஃபியா அருங்காட்சியகத்தில் அதன் எலும்புக்கூட்டை நிறுத்திவைத்தார்கள். உலகில் அப்படி நிறுத்தப்பட்ட முதல் டைனோசர் அதுதான். ஆனால் முழு மண்டையோடு கிடைக்கவே இல்லை. சில பற்களும் தாடைத் துண்டுகளும்தான். வாத்தலகு டைனோசர் குடும்பத்துக்கே பெயர் கொடுத்த விலங்கின் அலகை இன்றுவரை யாரும் பார்த்ததில்லை!

“ஒரு சின்னத் துண்டுதானே சார்?” என்றார் அதே மாணவர். ஹாப்கின்ஸ் வீட்டு விருந்தாளிகளும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

எலும்பைவிட அது கிடந்த இடம் அதிகம் பேசும். ஹாடன்ஃபீல்டு எலும்புகள் கடற்சிப்பிகளோடு கிடந்தன. அதனால்தான், நிலத்தில் வாழ்ந்த விலங்கின் உடல் ஆற்றோடு கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டிருக்கலாம் என ஊகிக்க முடிந்தது. வீட்டு அலமாரியில் இருக்கும் எலும்பு இதைச் சொல்லாது.

மழையிலும் வெயிலிலும் நொறுங்குவதற்கு நம்மிடமாவது இருக்கட்டுமே என்று சிலர் வாதிடுவார்கள். நொறுங்குவது உண்மைதான். ஃபோல்க்கும் தொழில்முறை ஆய்வாளர் அல்லர் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் தெரிந்தவரை அழைத்தார், வேறுபாடு அங்கேதான். வாத்தலகு எலும்புகள் ஏராளமாகக் கிடைக்கும் கனடாவின் அல்பெர்ட்டா மாநிலத்தில் அனுமதியின்றித் தோண்டுவது சட்டப்படி குற்றம். அது சரியான சட்டம் என்பேன்.

நம் நாட்டுக்கும் இந்தக் கவலை உண்டு. 2014இல் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பகாங்கில் கண்டெடுத்த டைனோசர் பல்லை அறிவித்தார்கள். அது வாத்தலகு வகை அன்று, மீன் தின்னும் வகை. கிடைத்த இடத்தை மட்டும் சொல்லவில்லை. போய்ப் பார்க்க எனக்கும் ஆசைதான், ஆனாலும் அவர்கள் செய்தது சரி.

எனவே, பாறையில் எலும்பு போல ஏதாவது கண்ணில் பட்டால் தொடாதீர்கள். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள், அளவு தெரியும். கைப்பேசியில் இடத்தைக் குறித்துக்கொண்டு உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். பல்கலைக்கழகப் புவியியல் துறைக்கு நாங்கள் எழுதுகிறோம்.