நகையை அடகு வைக்கும் முன்... ஐ.டி. மேனேஜ்மென்ட் படிப்பில் கவனிக்க வேண்டியவை!

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே போன் வரத் தொடங்கிவிடும். "அம்மா, கம்ப்யூட்டர் கோர்ஸ்ல இன்னும் ரெண்டு சீட்டுதான் இருக்கு. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள பத்தாயிரம் கட்டிட்டா பாப்பாவுக்கு சீட் கன்ஃபார்ம்" என்பார் மறுமுனையில் இருப்பவர். மகள் அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். அம்மாவின் கை தானாகக் கழுத்துச் சங்கிலிக்குப் போகும்.

மே மாதம் வந்தால் தமிழ்நாட்டில் பல வீடுகளில் நடக்கும் காட்சி இது. அந்தச் சங்கிலி அடகுக்கடைக்குப் போவதற்கு முன்னால், கையில் இருக்கும் செல்போனிலேயே சில விஷயங்களைச் சரிபார்த்துவிடலாம்.

பெயரில் இல்லை, பாடத்தில் இருக்கிறது

ஒரு மருத்துவமனையையோ, திருப்பூர் பனியன் கம்பெனியையோ எடுத்துக்கொள்வோம். அங்கே கம்ப்யூட்டர், நெட்வொர்க், பில்லிங் சாஃப்ட்வேர் எல்லாம் தடையில்லாமல் ஓட வேண்டும். எதை வாங்குவது, எவ்வளவு செலவாகும், டேட்டா திருடுபோகாமல் எப்படிக் காப்பது என்று ஒருவர் முடிவெடுக்க வேண்டும். அதுதான் ஐ.டி. மேனேஜ்மென்ட். பாதி தொழில்நுட்பம், பாதி நிர்வாகம்.

நம் ஊரில் இளநிலைப் படிப்பில் இந்தப் பெயரிலேயே பட்டம் கிடைப்பது குறைவு. பி.சி.ஏ., பி.எஸ்சி ஐ.டி., பி.டெக் ஐ.டி., பி.பி.ஏ. (சி.ஏ.), பி.காம் (சி.ஏ.) என்று பல வாசல்கள் இருக்கின்றன. பிறகு எம்.சி.ஏ. அல்லது எம்.பி.ஏ. சிஸ்டம்ஸ் படிக்கலாம். பி.காம் (சி.ஏ.) படிப்பில் வணிகவியல் பாடங்களே அதிகம், கம்ப்யூட்டர் பாடங்கள் சிலதான். பி.சி.ஏ.வில் இது தலைகீழ். எனவே சிலபஸைத் திறந்து டேட்டாபேஸ், நெட்வொர்க், சைபர் செக்யூரிட்டி, புராஜெக்ட் மேனேஜ்மென்ட் ஆகியவை இருக்கின்றனவா, இன்டர்ன்ஷிப் உண்டா என்று பார்ப்பது முதல் வேலை.

குறைந்த ஃபீஸ், அதிகச் செலவு

ஒரு கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் 40,000 ரூபாய். ஆனால், ஹாஸ்டலுக்கு 80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுகளில் 3,60,000 ரூபாய் ஆகிவிடும். இன்னொரு கல்லூரியில் கட்டணம் 65,000 ரூபாய், வீட்டிலிருந்தே போய்வர பஸ்ஸுக்கு 20,000 ரூபாய் என்றால் மொத்தம் 2,55,000 ரூபாய்தான். 'ஃபீஸ் கம்மி' என்ற கல்லூரிதான் ஒரு லட்சத்துக்கு மேல் அதிகம் வாங்குகிறது! தேர்வுக் கட்டணம், லேப், யூனிஃபார்ம், 'டிரெய்னிங் ஃபீஸ்' எல்லாவற்றையும் சேர்த்து எழுதித்தரச் சொல்லிக் கேட்க வேண்டும்.

பலரும் பார்க்காத பி.டி.எஃப்.

விளம்பரப் பலகையில் 'அதிகபட்ச சம்பளம்' பெரிதாக இருக்கும். அது ஒரே ஒரு மாணவருக்குக் கிடைத்ததாகவும் இருக்கலாம். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் பங்கேற்கும் கல்லூரிகள் தாங்கள் கொடுத்த விவரங்களைத் தங்கள் இணையதளத்தில் வெளியிடுகின்றன. எத்தனை பேர் சேர்ந்தார்கள், குறித்த காலத்தில் எத்தனை பேர் பட்டம் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களின் இடைநிலைச் சம்பளம் எவ்வளவு, மேற்படிப்புக்குப் போனவர்கள் எத்தனை பேர் எல்லாம் அதில் இருக்கும்.

இடைநிலைச் சம்பளம் என்பது, வேலை கிடைத்தவர்களை வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்கும் சம்பளம். பாதிப் பேர் அதற்கும் கீழேதான் வாங்குகிறார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மொத்தச் செலவை இந்தச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் படிப்பின் உண்மையான மதிப்பு தெரிந்துவிடும். பொறியியல் படிப்பு என்றால், அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் கல்லூரிவாரித் தேர்ச்சி விகிதத்தையும் பார்க்கலாம்.

2024-25 கல்வியாண்டு முதல் பி.சி.ஏ., பி.பி.ஏ. படிப்புகளும் ஏ.ஐ.சி.டி.இ. அனுமதியின் கீழ் வந்துவிட்டன. தொலைநிலை, ஆன்லைன் படிப்புகளுக்கு யு.ஜி.சி.யின் அங்கீகாரப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும்.

கைக்கு எட்டும் வழிகள்

அரசு கலைக் கல்லூரிகளில் கட்டணச் சுமை மிகவும் குறைவு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ம் வகுப்பு வரை படித்தவர்களுக்குப் பொறியியல் கவுன்சலிங்கில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் ஹாஸ்டல் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும்.

வேலை பார்த்துக்கொண்டே படிக்க இக்னோவில் பி.சி.ஏ. இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. ஆன்லைன் வழியில் நடத்தும் டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்புக்கு ஜே.இ.இ. கட்டாயமில்லை, தகுதித் தேர்வில் தேறினால் போதும். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு.

இன்னொரு கணக்கும் போடலாம். இளநிலைப் பட்டத்தைக் குறைந்த செலவில் முடித்துவிட்டு, 'டான்செட்' எழுதி நல்ல கல்லூரியில் எம்.பி.ஏ. அல்லது எம்.சி.ஏ. சேரலாம். 'நிம்செட்' எழுதினால் திருச்சி என்.ஐ.டி. போன்ற நிறுவனங்களில் எம்.சி.ஏ. படிக்கலாம். வேலை தேடும்போது கடைசியாக வாங்கிய பட்டத்துக்கும் கையில் இருக்கும் திறமைக்கும்தான் மதிப்பு அதிகம்.

பணம் போதவில்லை என்றால், அடகுக்கடைக்கு முன்னால் வங்கிக்குப் போவது நல்லது. 4 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குப் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்பதில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்டவும் அவகாசம் உண்டு. ஆனால், அந்தக் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும்.

அட்வான்ஸ் கட்டிவிட்டால்?

அவசரத்தில் சேர்ந்துவிட்டு மனம் மாறினாலும் பயப்பட வேண்டாம். யு.ஜி.சி. விதிப்படி, கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது. சேர்க்கைக்கான கடைசித் தேதியைப் பொறுத்து, கட்டிய பணத்தையும் திருப்பித்தர வேண்டும். தேதி தள்ளிப்போகப் போக, திரும்பக் கிடைக்கும் தொகையும் குறையும். எனவே, ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது.

மறுபடி போன் வரும். "அந்த ரெண்டு சீட்டு இன்னும் இருக்கும்மா" என்பார் அதே நபர். இந்த முறை மகளே போனை வாங்கி, "உங்க காலேஜ் என்.ஐ.ஆர்.எஃப். விவரத்தை வாட்ஸ்அப்ல அனுப்புங்க சார், பார்த்துட்டுச் சொல்றோம்" என்று சொல்லட்டும். அதுவரை சங்கிலி அம்மாவின் கழுத்திலேயே இருக்கட்டும்.