மாமியின் விசுவாசத்தை அளக்க நீங்கள் யார்?

எங்கட மாமிக்குப் பதினைந்து வருஷமாச் சீனி வருத்தம். ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய் வந்த பிறகு இன்சுலினை நிப்பாட்டிப் போட்டா. மருந்து எடுக்கிறது அவிசுவாசம் எண்டு மேடையில சொன்னவையாம். காலில வந்த புண் மாறேல்லை. கடைசியில ரெண்டு விரலை எடுக்க வேண்டி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த போதகர் சொன்னார்: "உங்கட விசுவாசத்திலதான் எங்கயோ குறை இருக்கு." மாமி விரலுக்காக அழேல்லை, அந்தச் சொல்லுக்காகத்தான் அழுதா.

இந்த உபதேசத்தின் கெட்டித்தனத்தைப் பாருங்கோ. சுகம் வந்தால் புகழ் மேடைக்கு, வராவிட்டால் பழி நோயாளிக்கு. சீட்டுப் பிடிக்கிறவனுக்குக்கூட இவ்வளவு பாதுகாப்பு இல்லை!

வேதம் தெரியாதவன் கதைக்கிறான் எண்டு சொல்லுவினம். சரி, வேதத்துக்கே போவம். மாற்கு 9ஆம் அதிகாரத்தில், வலிப்பு வாற மகனைக் கூட்டிக்கொண்டு ஒரு தகப்பன் வருகிறார். தன்ர விசுவாசம் அரைகுறை, அதுக்கும் நீர்தான் உதவ வேணும் எண்டு இயேசுவிடமே ஒத்துக்கொள்ளுகிறார். மகன் சுகமாகிறான். போய் விசுவாசத்தை நிரப்பிக்கொண்டு வா எண்டு அவரை ஒருவரும் திருப்பி அனுப்பவில்லை.

பவுல் தன் உடலில் இருந்த முள்ளை எடுக்கச் சொல்லி மூன்று தரம் மன்றாடினார். முள் போகவில்லை. பவுலுக்கும் விசுவாசக் குறைவோ? அடிக்கடி வருத்தம் வந்த தீமோத்தேயுவுக்கு அவர் எழுதினது, வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் குடி எண்டு. அவரோட கூட இருந்த லூக்கா ஒரு வைத்தியர். கெத்செமனேயில் இயேசு கேட்டதும்தான் கிடைக்கவில்லை.

இவைக்குப் பிடிச்ச அதிகாரம் எபிரேயர் 11. எரிகோ மதில் விழுந்தது, சிங்கத்தின் வாய் அடைபட்டது எண்டு உரத்து வாசிப்பினம். 35ஆம் வசனத்தின் பாதியில நிப்பாட்டிப் போடுவினம். ஏனெண்டால், அதுக்குப் பிறகு வாறவர்கள் கல்லெறிபட்டவர்கள், வாளால் அறுக்கப்பட்டவர்கள். அவர்கள் தப்பவில்லை. அந்த அதிகாரம் அவர்களையும் அதே விசுவாசத்துக்காகத்தான் புகழுது.

சுகத்துக்காக ஜெபிக்கிறதை நான் பிழை சொல்லேல்லை. கேட்டது கிடைக்காதபோதும் கடவுளை விடாமல் பிடிச்சிருக்கிற ஒரு மனுசியைப் பார்த்து, உனக்கு விசுவாசம் இல்லை எண்டு சொல்லுறதைத்தான் சொல்லுறன்.

மாமி இப்ப காலமை ஜெபம் பண்ணிப்போட்டு ஊசி போடுறா. கிளினிக் நாள் எண்டால் விடிய முதல் பஸ்ஸில போயிடுவா. அந்தக் கூட்டத்துக்கு மட்டும் போறேல்லை.