ஹச்சிகோவும் என் கையிலிருந்த கல்லும்

"ஒரு நாய்க்காகவா மகள் இவ்வளவு அழுறீங்க?"

உம்மா இதைக் கேட்டபோது இரவு பதினொரு மணியிருக்கும். படம் முடிந்து திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. தம்பி தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு தூங்குவதுபோல நடித்தான். ஆனால் அவனது தோள் குலுங்கியதை நான் கண்டேன். உயர்தரப் பரீட்சைக்கு இன்னும் சில மாதங்களே இருக்க, படிப்பதற்காக வாங்கித் தந்த லெப்டொப்பில் நாய்ப் படம் பார்த்து அழுகிறாளே என்று உம்மா நினைத்திருக்கலாம். அன்று நான் பதில் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் பார்த்தது 2009 இல் வெளிவந்த 'ஹச்சி' என்ற அமெரிக்கப் படம். ரிச்சர்ட் கியர் நடித்தது. ஒரு பேராசிரியர் புகையிரத நிலையத்தில் ஒரு நாய்க்குட்டியைக் கண்டெடுக்கிறார். அது வளர்ந்து, தினமும் அவரை நிலையம்வரை வழியனுப்பி, மாலையில் அதே இடத்தில் காத்திருந்து அழைத்து வருகிறது. ஒருநாள் அவர் வேலை செய்யும் இடத்திலேயே இறந்துவிடுகிறார். நாய்க்கு அதை யார் விளங்கப்படுத்துவது? அது தொடர்ந்து வந்து காத்திருக்கிறது.

படத்தின் முடிவில்தான் இது ஜப்பானில் உண்மையாக நடந்தது என்று காட்டினார்கள். மறுநாள் முழுவதும் அந்த உண்மைக் கதையைத் தேடிப் படித்தேன். (புவியியல் குறிப்பு எழுதவேண்டிய நாள் அது. ஆசிரியை மன்னிக்க வேண்டும்.)

ஹச்சிகோ 1923 நவம்பரில் ஜப்பானின் வடக்கே அகிதா மாகாணத்தில் ஒடாதே என்ற ஊரில் பிறந்த அகிதா இன நாய். 'ஹச்சி' என்றால் எட்டு. 1924 ஜனவரியில் அது டோக்கியோவுக்கு, ஹிதெசபுரோ உஎனோ என்பவரின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அவர் டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தின் விவசாயப் பேராசிரியர். 1925 மே 21 ஆம் திகதி மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு அவர் திடீரென இறந்துபோனார். ஹச்சிகோ இறந்தது 1935 மார்ச் 8 இல். கணக்குப் பார்த்தேன். இருவரும் சேர்ந்து வாழ்ந்தது ஏறத்தாழ பதினாறு மாதங்கள். ஹச்சிகோ சிபுயா நிலையத்தில் காத்திருந்தது பத்து வருடங்களுக்குச் சற்றுக் குறைவு.

இந்தக் கதைக்கு முன்பே நான் ஜப்பானைத் திரையில் பார்த்துப் பழகியவள்தான். எங்கள் வீட்டில் அது உம்மாவிடமிருந்து தொடங்குகிறது. உம்மா சிறு பிள்ளையாக இருந்தபோது ரூபவாஹினியில் 'ஒஷின்' பார்க்க, தொலைக்காட்சி இருந்த ஒரேயொரு பக்கத்து வீட்டில் முழு ஒழுங்கையும் கூடுமாம். ரூபவாஹினி நிலையமே ஜப்பானின் உதவியோடு 1982 இல் தொடங்கப்பட்டது என்பதை நான் பின்னர்தான் அறிந்தேன். ஒரு மூட்டை அரிசிக்காக ஏழு வயதில் வேலைக்கு அனுப்பப்பட்ட ஒஷின், பனி கொட்டும் ஆற்றில் தெப்பமேறிப் போகும் காட்சியைச் சொல்லும்போது உம்மாவின் குரல் இன்றைக்கும் கம்மிவிடும். ஆகவே, "ஒரு நாய்க்காகவா?" என்று கேட்டவரும் ஒரு காலத்தில் ஜப்பானியத் திரைக்கு முன்னால் அழுதவர்தான். நான் இதைச் சொன்னால், "அது மனிசப் புள்ள" என்பார்.

எனக்குக் கிடைத்தது மியாசாக்கியின் 'என் அயலவன் டொடொரோ'. அதில் அக்காவும் தங்கையும் மழையில் பஸ் தரிப்பிடத்தில் தந்தைக்காகக் காத்திருப்பார்கள். பஸ் வரும், தந்தை அதில் இருக்கமாட்டார். தங்கை தூக்கம் தாங்காமல் அக்காவின் முதுகில் ஏறிக்கொள்வாள். சண்டையில்லை, பாட்டில்லை, மழைச் சத்தம் மட்டும்தான். முதல் தடவை பார்த்த தம்பி, "எப்ப தாத்தா கதை தொடங்கும்?" என்று கேட்டான். எங்களுக்குப் பழக்கமான படங்களில் காத்திருப்பதை இரண்டு நொடியில் முடித்துவிடுவார்கள். ஜப்பானியர்கள் அதையே கதையாக்கிவிடுகிறார்கள். அந்தப் படத்தில் தந்தை ஒரு பெரிய மரத்துக்குத் தலை வணங்குவார். அது எமக்கு ஏற்புடையதல்ல, தம்பிக்கும் அதை எடுத்துச் சொன்னேன். ஆனால் சப்பாத்தை வாசலில் கழற்றுவதும், பாயில் அமர்வதும், சாப்பிட முன்னும் பின்னும் ஒரு சொல் சொல்வதும் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

இன்னொரு வழக்கம் என்னை நிறையவே யோசிக்க வைத்தது. ஜப்பானியர் வீட்டுக்குள் நுழையும்போது 'ததாய்மா' என்பார்கள், வந்துவிட்டேன் என்று பொருள். உள்ளேயிருப்பவர் 'ஒகாயெரி' என்பார், வருகைக்கு வரவேற்பு. நாம் ஸலாம் சொல்லி நுழைவதும், உள்ளேயிருந்து பதில் ஸலாம் வருவதும் போல. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது உள்ளேயிருந்து பதில் வராவிட்டால் நான் வாசலிலேயே நின்று, "உம்மா?" என்று மறுபடியும் கூப்பிடுவேன். ஹச்சிகோவுக்கு அந்தச் சொல் பத்து வருடமாகக் கேட்கவில்லை. அன்று இரவு நான் அழுதது இதற்காகத்தான் என்று இப்போது விளங்குகிறது.

ஆனால் அழுததைச் சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. அமெரிக்கப் படம் மறைத்துவிட்ட ஒன்றைப் பற்றி எழுத வேண்டும்.

படத்தில் நிலையத்திலுள்ள எல்லோரும் நல்லவர்கள். நிலையப் பொறுப்பாளர் கதைப்பார், வண்டிக்காரர் தின்னக் கொடுப்பார். உண்மையான சிபுயா அப்படியிருக்கவில்லை. முதல் ஏழு வருடமும் ஹச்சிகோ அங்கே ஒரு தொல்லை பிடித்த தெருநாய். நிலைய ஊழியர்கள் அடித்து விரட்டினார்கள். சிறுவர்கள் அதன் முகத்தில் கிறுக்கினார்கள். அகிதா நாய்களைப் பற்றி ஆராய்ந்துவந்த ஹிரோகிச்சி சைத்தோ என்பவர் இதைக் கண்டு மனம் பொறுக்காமல் பத்திரிகைக்கு எழுதினார். 1932 ஒக்டோபரில் 'அசாஹி' பத்திரிகையில் செய்தி வந்தது. அதன் பிறகு எல்லாம் தலைகீழானது. அடித்த அதே நிலையத்தில் உணவு வந்தது, அன்பு வந்தது. 1934 ஏப்ரலில் நிலையத்தின் முன்னால் வெண்கலச் சிலை எழுந்தது. திறப்பு விழாவில் ஹச்சிகோவும் நின்றது.

நாய் மாறவில்லை. 1931 இல் வந்ததும் அதே நாய், 1933 இல் வந்ததும் அதே நாய். இடையில் ஒரு பத்திரிகைச் செய்தி வந்தது, அவ்வளவுதான். கதை தெரிந்த பிறகு அன்பு காட்டுவது எல்லோராலும் முடிந்த காரியம். கதை தெரியாத காலத்தில் அந்த நாய்க்கு என்ன கிடைத்தது என்பதை வைத்துத்தான் அந்த நிலையத்து மனிதர்களை நான் அளப்பேன்.

புகழ் வந்த பிறகு நடந்ததும் முழுக்க அன்பு என்று சொல்ல முடியாது. நன்றி மறவாதே என்ற தலைப்பில் ஹச்சிகோ ஜப்பானின் ஒழுக்கப் பாடநூலில் சேர்க்கப்பட்டது. அது போருக்கு முந்திய ஜப்பான். எஜமானுக்காகக் காத்திருந்த நாயைக் காட்டிப் பிள்ளைகளிடம் எதிர்பார்த்தது எத்தகைய விசுவாசம் என்பதை வரலாறு படிக்கும் மாணவிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. 1944 இல் உலோகம் போதாமல் அதே அரசு அந்தச் சிலையை உருக்குவதற்காக அகற்றியது! இன்று சிபுயாவில் நிற்பது முதல் சிற்பியின் மகன் 1948 இல் செய்த சிலை. இப்போது டோக்கியோவில், "ஹச்சிகோவுக்குப் பக்கத்தில் சந்திப்போம்" என்பது எல்லோரும் சொல்லும் வார்த்தை.

சிலை கிடைக்காத ஒருவரும் இந்தக் கதையில் இருக்கிறார். பேராசிரியரின் துணைவி யாயெகோ. திருமணம் முறைப்படி பதிவு செய்யப்படாததால் அவருக்கு உரிமை எதுவும் இருக்கவில்லை. கணவர் இறந்ததும் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அதனால்தான் ஹச்சிகோவும் வீடு வீடாகக் கைமாறியது. 1961 இல் இறந்த அவருக்குக் கணவரின் அடக்கத்தலத்தில் இடம் கிடைத்தது 2016 இல்தான். ஐம்பத்தைந்து வருடம்! நாய்க்கான சிலைகளுக்கோ குறைவில்லை. 2015 இல்கூட டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஹச்சிகோ பேராசிரியர் மேல் தாவி ஏறி வரவேற்பதுபோல ஒன்று வைத்தார்கள். அதன் படம் அழகுதான். அதைப் பார்க்கும்போதெல்லாம் யாயெகோ எங்கே என்று தேடுகிறேன்.

ஹச்சிகோ காத்திருந்தது கோழி இறைச்சிக்காக என்று சொல்பவர்களும் உண்டு. இறந்த பின் அதன் வயிற்றில் இறைச்சி வாட்டும் ஈர்க்குச்சிகள் இருந்தது உண்மை. இருக்கட்டுமே. அடி விழுந்த வருடங்களிலும் அது வந்ததே, அப்போது எந்த இறைச்சிக்கு வந்தது?

இனி அந்தக் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஒழுங்கை முடிவில் பூட்டிக்கிடக்கும் கடையொன்றின் படிக்கட்டில் ஒரு மண்ணிற நாய் படுத்திருக்கும். ஆறாம் தரத்திலிருந்து நான் கேற்றடியில் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு அந்த இடத்தைக் கடப்பவள். முந்தி வேறு நாய்கள், இப்போது இது. படம் பார்த்து இரண்டு நாள் கழித்து டியூஷனுக்குப் போனபோதும் வழக்கம்போல் கை கல்லை எடுத்திருக்கிறது, எனக்கே தெரியாமல். நாய் எழுந்தது. நான் கையை உயர்த்தவும் இல்லை. அதற்கு முன்பே அது உடம்பைக் குறுக்கி, வாலை ஒடுக்கி, பின்னங்கால் ஒன்றை நொண்டிக்கொண்டு சுவரோடு ஒதுங்கியது. அந்தக் கால் யாருடைய கல்லால் போனது என்று தெரியாது. போன வருடம் நான் எறிந்த ஒன்றும் அதன்மேல் பட்டிருக்கிறது.

திரையில் ஓடிய நாய்க்கு ஒரு பெட்டி டிஷு முடித்தவள் நான். சிபுயா நிலையத்தில் முகத்தில் கிறுக்கிய பிள்ளைகளைத் திட்டியவளும் நான்.

"எங்களுக்கு நாய் ஹராம்தானே" என்று தோழி ஒருத்தி ஆறுதல் சொன்னாள். நாங்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் நாய் நஜீஸ்தான். அதன் எச்சில் பட்டால் ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்து, கழுவ வேண்டும். அந்தச் சட்டத்தில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஆனால் அது கழுவச் சொல்லும் சட்டம். எறியச் சொல்லும் சட்டம் எங்கேயிருக்கிறது? தாகத்தால் மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கிக் காலுறையில் தண்ணீர் அள்ளிக் கொடுத்த மனிதருக்கு அல்லாஹ் மன்னிப்பு வழங்கினான் என்ற ஹதீஸை அஹதிய்யாவில் எல்லோரும் படித்திருக்கிறோம். வெள்ளிக்கிழமைகளில் சூரத்துல் கஹ்ப் ஓதுகிறோம். குகைவாசிகளோடு வாசலில் படுத்திருந்த நாயை அல்லாஹ் அந்தச் சூராவில் விட்டுவிடவில்லை. எத்தனை வெள்ளிக்கிழமை அதை ஓதிவிட்டு, சனிக்கிழமை டியூஷனுக்குக் கல்லோடு போயிருக்கிறேன்!

பெற்றோரின் பயம் எனக்கு விளங்குகிறது. உம்மாவின் தம்பியைச் சிறுவயதில் நாய் கடித்து, தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட கதை எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் பாடம். விசர்நாய்க் கடி விளையாட்டல்ல. தெருநாயைத் தடவப் போங்கள் என்று நான் எந்தத் தங்கைக்கும் சொல்லமாட்டேன். விலகி நடப்பதற்குக் கல் தேவையில்லை என்று மட்டும் சொல்வேன். வெளிநாட்டுப் படங்கள் பிள்ளைகளைக் கெடுக்கும் என்று நினைக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். கெடுப்பவையும் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஒருநாள் பக்கத்தில் வந்து அமர்ந்து பாருங்கள். "அது மனிசப் புள்ள" என்று சொன்ன உம்மாவுக்கு நான் 1987 இல் ஜப்பானியர்களே எடுத்த 'ஹச்சிகோ மொனொகதாரி'யைப் போட்டுக் காட்டினேன். பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். வெங்காயம் எதுவும் வெட்டவில்லை, ஆனால் கண் சிவந்திருந்தது.

அதன் பிறகு உம்மா மீன் கழிவைக் குப்பையில் போடுவதில்லை. சிரட்டையொன்றில் வைத்து மதிலுக்கு வெளியே தள்ளிவிடுகிறார். கேட்டால், "பூனைக்கு" என்கிறார்.

நான் இப்போது கல் எடுப்பதில்லை. ஆனாலும் அந்த நாய் என்னைக் கண்டால் எழுந்து ஒதுங்கத்தான் செய்கிறது. என்மேல் அதற்கு நம்பிக்கை வர என்ன காரணம் இருக்கிறது? போன வியாழக்கிழமை மட்டும் எழவில்லை. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது, பிறகு மறுபடியும் காலின்மேல் தலையை வைத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து ஸலாம் சொன்ன கையோடு உம்மாவிடம் அதைத்தான் சொன்னேன்.

"கிட்டப் போகல்லதானே?" என்றார் உம்மா.